படர்தாமரையை வளர்க்கும் க்ரீம்

தொடை இடுக்கில் அரிப்பு என்று மருந்துக்கடையில் சொன்னால் ஒரு ட்யூப் தருவார்கள். தடவிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும், சிவப்பும் மங்கும். விட்டதும் சில நாட்களில் முன்பைவிடப் பெரிய வட்டமாக வந்து நிற்கும். மறுபடி அதே ட்யூப். படர்தாமரையோடு தோல் மருத்துவரிடம் வருகிறவர்களில் பலர் இப்படி மாதக்கணக்கில் தடவிப் பார்த்தவர்கள்தான்.

அந்த ட்யூபில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. படர்தாமரைப் பூஞ்சை தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வளர்கிறது. சிவப்பும் அரிப்பும் உடல் அதை எதிர்த்துப் போராடுவதால் வருபவை. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்குகிறது. அரிப்பு நிற்கிறது, பூஞ்சையோ தடையில்லாமல் பரவுகிறது. ஓரம் தடித்த வட்டம் என்ற வழக்கமான அடையாளமும் கலைந்துபோவதால், பார்த்தவுடன் நோயைக் கண்டுபிடிப்பதே சிரமமாகிவிடும். அப்போது தோலைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டியிருக்கும். போதாததற்கு, இந்தியாவில் இப்போது பரவலாக உள்ள டிரைகோஃபைட்டான் இன்டோடினியே என்ற இனம் (2020இல் பெயரிடப்பட்டது) டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்குப் பல நேரங்களில் மசிவதில்லை.

எந்த இடத்தில் தடவுகிறோம் என்பதும் முக்கியம். 1967இல் வெளியான ஓர் ஆய்வில் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டை உடலின் பல பகுதிகளில் தடவி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் 1 பங்கு என்றால் நெற்றியில் 6, தாடை ஓரத்தில் 13, விதைப்பையில் 42. படர்தாமரை அதிகம் வரும் தொடை இடுக்கும் தோல் மெல்லிய, மருந்து எளிதில் ஊடுருவும் இடம்தான். அங்கே குளோபெட்டசால் போன்ற மிக வீரியமான ஸ்டீராய்டை வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, பிரசவ வயிற்றில் தெரிவது போன்ற வரிகள் விழும். அந்த வரிகள் முழுவதும் மறைவதில்லை.

நிறம் கூடும் என்று மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த க்ரீமை முகத்தில் தடவுவோருக்கும் இதே ஆபத்து உண்டு. முதலில் முகம் பளிச்சென்று தெரியும். பிறகு பருக்கள், மெல்லிய ரத்தக்குழாய்கள், வெயிலில் எரிச்சல். நிறுத்தினால் முகம் சிவந்து காந்தும் என்பதால் விடவும் முடியாது. மாதக்கணக்கில் தடவியவர்கள் தாமாகச் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவர் சொல்படி குறைப்பதே நல்லது. 2018இல் 14 ஸ்டீராய்டு க்ரீம்களை ஷெட்யூல் எச் பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது; மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. ஆனாலும் கேட்டால் கிடைக்கின்றன என்பதுதான் வேதனை. ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்: குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் எல்லாமே ஸ்டீராய்டுதான்.

மருத்துவர் தரும் பூஞ்சை க்ரீமை வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவ வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை அங்கேயும் இருக்கும். ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும்; விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். தோல் தெளிந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை தடவ வேண்டும். பாதியில் விடுவது நோய் திரும்புவதற்கு ஒரு முக்கியக் காரணம். சர்க்கரை நோய் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

குளித்ததும் இடுக்குகளை ஒற்றி உலர்த்திய பிறகே உடை அணியுங்கள். இறுக்கமான ஜீன்ஸுக்குப் பதில் தளர்ந்த பருத்தி உடை நல்லது. துண்டு ஆளுக்கொன்று, நோயாளியின் உள்ளாடைகளைத் தனியாக வெந்நீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி வெயிலில் காயப்போட வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை தேவை. அரைஞாண் கயிறு வியர்வையில் ஊறி ஈரமாகவே கிடப்பதால் பூஞ்சைக்கு நல்ல இருப்பிடம். குணமாகும் வரை அதை அவிழ்த்துவிட்டு, பிறகு வேண்டுமானால் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.