இதயத் தழும்பும் தசர் பட்டும்

மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்தும் தம் கணவருக்கு மூச்சிரைப்பு நிற்கவில்லை என்றும், கெட்டுப்போன தசையைச் சரிசெய்யவே முடியாதா என்றும் அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஸ்டென்ட் அடைப்பைத் திறக்குமே தவிர, அதை வைப்பதற்கு முன்பே இறந்துவிட்ட தசையை மீட்காது. பெரிய மாரடைப்பில் 100 கோடி செல்கள் வரை அழியக்கூடும். 25 வயதில்கூட இதயத் தசைச் செல்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதமே புதிதாகிறது. எனவே அவ்விடத்தில் சுருங்கி விரியத் தெரியாத கொலாஜன் என்னும் நார்ப்புரதத் தழும்புதான் உருவாகிறது.

மருதம்பட்டைக் கஷாயம் இந்தத் தழும்பைக் கரைத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் உலவும் செய்திக்கு ஆதாரம் கிடையாது. ஆனால் அதே மருத மரத்தின் இலையைத் தின்று வளரும் தசர் பட்டுப்புழுவிடம் உண்மையாகவே ஆராயத்தக்க ஒன்று இருக்கிறது.

இறந்த தசைக்குப் பதிலாகப் புதிய செல்களை இதயத்தில் வைக்க ஆய்வாளர்கள் முயல்கிறார்கள். ஆனால் வெறும் செல்களை ஊசியால் செலுத்தினால் பெரும்பாலானவை இறந்துபோகின்றன அல்லது ரத்தத்தோடு போய்விடுகின்றன. அவற்றுக்குப் பற்றிக்கொள்ள ஒரு தளம் வேண்டும். இதயச் செல்லின் மேற்பரப்பில் உள்ள இன்டெக்ரின் என்னும் புரதம், அர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம் ஆகிய மூன்று அமினோ அமிலங்களும் (புரதத்தின் கட்டுமான அலகுகள்) இதே வரிசையில் அமைந்த இடத்தைக் கண்டால் கொக்கிபோல் பற்றிக்கொள்கிறது. ராமநகரச் சந்தைக்கு வரும் மல்பெரிப் பட்டின் முதன்மைப் புரதத்தில் இவ்வரிசை இல்லை. தசர் பட்டில் இருக்கிறது. காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் ஜெர்மானிய ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்த எலிக்குட்டிகளின் இதயச் செல்கள் தசர் தளத்தில் நன்றாக ஒட்டி, ஒன்றோடொன்று இணைந்து துடித்தன.

பற்றிய செல் சும்மா இருப்பதில்லை. தளத்தை இழுத்துப் பார்த்து, அது எவ்வளவு நெகிழ்கிறது என்று அறிகிறது. சுமார் 10 கிலோபாஸ்கல் விறைப்புள்ள தளத்தில், அதாவது இயல்பான இதயத் தசையை ஒத்த தளத்தில், அது சிறப்பாகத் துடிக்கிறது. தழும்பைப் போல் விறைத்த தளத்தில் இழுத்திழுத்துத் துடிப்பையே நிறுத்திவிடுகிறது. வேதிப்பொருளைப் போலவே விறைப்பும் செல்லுக்கு ஒரு செய்தி என்பது, எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பளிக்கிறது.

மனிதரிடம் சோதிக்கப்பட்டவை வேறு பொருள்கள். அவற்றில் ஒன்று, பன்றி இதயத்தின் செல்களை நீக்கி எஞ்சிய புரதத்தால் செய்த, உடல் வெப்பத்தில் உறையும் கூழ். அதை அமெரிக்காவில் 15 பேருக்குக் குழாய்வழி செலுத்திய முதற்கட்டச் சோதனையின் முடிவுகள் 2019-இல் வந்தன. பட்டு வாரியத்தின் தலைமையகமே பெங்களூரில் இருக்க, புடவைக்கு அப்பாலும் பட்டாராய்ச்சிக்குத் தாராளமாக நிதி ஒதுக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் ஒரு தடையும் இருக்கிறது. தளத்தில் செல்களை வளர்த்து இதயத்தில் பொருத்தும் ஒட்டுத்துண்டு எதுவானாலும், ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தடித்தால், உள்ளே இருக்கும் செல்களுக்கு ஆக்சிஜன் எட்டுவதில்லை. அதற்குள் நுண்ணிய ரத்தக் குழாய்களை வளர்ப்பதில்தான் இப்போது ஆய்வுகள் திணறுகின்றன.