கையில் சுடும் காகிதம்

மழைநாளில் ஜெராக்ஸ் கடையில் நின்றவர்களுக்குத் தெரியும். கடைக்காரர் நீட்டும் நகலை வாங்கினால் கைக்கு இதமாகச் சுடும். சின்ன வயதில் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அலுவலக இயந்திரம் கரண்டை எதில் செலவழிக்கிறது என்பதை அந்தக் காகிதம் அப்போதே சொல்லியிருக்கிறது. எனக்குத்தான் வெகுநாள் கழித்துப் புரிந்தது.

கதை 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் தொடங்குகிறது. இந்த நகல் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சனும் அவருடைய உதவியாளர் ஓட்டோ கோர்னியும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டை ஒரு கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார்கள். அன்றைய தேதியும் ஊர்ப்பெயரும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து வெளிச்சம் பாய்ச்சினார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னேற்றம் வடிந்துபோனது. எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் தங்கியது. மேலே நுண்ணிய பொடியைத் தூவி ஊதியதும் எழுத்து வடிவில் மட்டும் பொடி ஒட்டி நின்றது. அதை மெழுகுத் தாளில் ஒற்றி, மெழுகு இளகும்படி சூடாக்கினார்கள். பொடி தாளோடு ஒட்டிக்கொண்டது.

இன்றைய லேசர் பிரிண்டரிலும் இதே வரிசைதான். தகட்டின் இடத்தில் உருளும் டிரம், விளக்கின் இடத்தில் லேசர் கதிர், பொடியின் இடத்தில் டோனர் வந்திருக்கின்றன. கடைசிப் படி மட்டும் மாறவே இல்லை: சூடாக்கி ஒட்டவைப்பது. டோனர் என்பது அடிப்படையில் நிறமேற்றிய பிளாஸ்டிக் தூள். 180, 200 டிகிரியில் இருக்கும் ஒரு ரோலருக்கும் அதை அழுத்தும் இன்னொரு ரோலருக்கும் நடுவே தாள் நசுங்கி வரும்போது தூள் உருகித் தாளின் நாரில் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பகுதிக்கு ஃப்யூசர் என்று பெயர். பிரிண்டர் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது.

இதில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது ஒரு சின்னக் கணக்கு. ஏ4 தாள் சதுர மீட்டரில் 16ல் ஒரு பங்கு. 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாள் என்றால் ஒன்று சரியாக 5 கிராம். அதை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்கச் சுமார் 500 ஜூல் வேண்டும். தாளில் இயல்பாகவே இருக்கும் ஈரத்தில் கொஞ்சம் ஆவியாகப் போக இன்னும் 200 ஜூல். ஆக, 700. சாதாரணக் கடிதம் ஒன்றில் படியும் டோனர் ஒரு கிராமில் நூற்றில் சில பங்குதான். அதை உருக்க 10 ஜூல்கூட ஆகாது. எழுத்துக்கு 10, தாளுக்கு 700! நாம் எழுத்தை அச்சடிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். இயந்திரமோ பெரும்பாலும் வெள்ளைத் தாளைத்தான் சுடவைத்துக்கொண்டிருக்கிறது.

இந்தச் சூடு விளையாட்டல்ல. சாதாரணத் தாளில் நகலெடுத்து உலகப் புகழ்பெற்ற ஜெராக்ஸ் 914 இயந்திரம் 1959ல் வந்தபோது, உள்ளே தாள் சிக்கித் தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால் சிறிய தீயணைப்பான் ஒன்றையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

அச்சடிக்கும்போது ஆகும் செலவாவது வேலைக்கு ஆகும் செலவு. யாரும் அச்சடிக்காதபோது ஆவது? பழைய இயந்திரங்களில் ஃப்யூசர் ரோலர் கனமான அலுமினியக் குழாய். உள்ளே ஹாலோஜன் விளக்கு எரியும். அது சூடேற ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால், அடுத்த தாள் எப்போது வந்தாலும் தயாராக இருக்கட்டும் என்று நாள் முழுவதும் சூடாகவே வைத்திருப்பார்கள். சாப்பிட யாராவது வருவார்கள் என்று தோசைக்கல்லை இரவெல்லாம் அடுப்பிலேயே விட்டுவைப்பது போன்ற காரியம்.

“அடிக்கடி அணைத்துப் போட்டால்தான் கரண்ட் அதிகம் இழுக்கும்” என்று பல அலுவலகங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை கிலோ அலுமினிய ரோலரை முழுக்கக் குளிர்ந்த நிலையிலிருந்து சூடாக்க சுமார் 72,000 ஜூல், அதாவது 20 வாட்-மணி போதும். சும்மா சூடாக வைத்திருக்க 100 வாட் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதே 20 வாட்-மணி 12 நிமிடத்தில் காலி. ஆகவே 12 நிமிடத்துக்கு மேல் வேலை இல்லையென்றால் தூங்கவிடுவதே லாபம். மாலை 6 மணிக்கு ஆள் கிளம்பிக் காலை 10 மணிக்குத் திரும்பும் அலுவலகத்தில் ஒரே இரவில் 1.6 யூனிட் வீணாகும். பகலில் ஏசி அறையென்றால் இந்தச் சூட்டை வெளியே தள்ள ஏசிக்கும் வேலை. மூன்று யூனிட் வெப்பத்துக்குச் சுமார் ஒரு யூனிட் மின்சாரம் கூடுதல்.

பின்னாளில் பொறியாளர்கள் கனமான ரோலரையே எடுத்துவிட்டு, பீங்கான் சூடேற்றியின் மேல் ஓடும் மெல்லிய படலத்தை வைத்தார்கள். சூடேற்ற வேண்டிய எடை குறைந்ததால் சில நொடிகளில் தயாராகிவிடுகிறது. காத்திருக்கும் நேரத்தில் ஆறியே கிடக்கலாம். இங்க்ஜெட்டில் ஃப்யூசரே கிடையாது. மை தானாக உலர்வதால் அச்சடிக்கும்போதும் பெரும்பாலும் சில பத்து வாட்டிலேயே வேலையை முடித்துவிடுகிறது.

இயந்திரத்தைத் தானாகத் தூங்கவைக்கும் பழக்கத்தைப் பரவலாக்கியதில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1992ல் தொடங்கிய, மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் கருவிகளுக்கான எனர்ஜி ஸ்டார் முத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு. கணினியும் திரையும்தான் அதன் முதல் இலக்கு. தூங்கும் பிரிண்டர்கூட முழுதாக அணைவதில்லை. நெட்வொர்க்கிலிருந்து யாராவது கூப்பிடுகிறார்களா என்று ஒரு சின்னச் சுற்று கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காத்திருப்பு மின்சாரத்தை எல்லாக் கருவிகளிலும் ஒரு வாட்டுக்குள் அடக்க வேண்டும் என்று அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் ஆலன் மையர் 1998ல் முன்வைத்தார். மறு ஆண்டே சர்வதேச எரிசக்தி முகமை அதைக் கையிலெடுத்தது. அப்புறம், ஸ்கிரீன்சேவர். அது மின்சாரத்தை மிச்சம்பிடிக்க வந்ததல்ல, பழைய குழாய்த் திரையில் ஒரே படம் தழும்பாகப் பதியாமல் இருக்க வந்தது. திரையில் மீன் நீந்தினாலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. திரை அணைந்தால்தான் மிச்சம்.

இதெல்லாம் இயந்திரத்தின் சூடு. தாளுக்கு அதைவிடப் பெரிய சூட்டுக் கதை உண்டு. கரூர் அருகே காகிதபுரத்தில் 1984 முதல் ஓடும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை முக்கியமாகக் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. சக்கை சேரும் அளவுக்கு மரம் வெட்டுவது மிச்சம். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அந்தச் சக்கை சர்க்கரை ஆலையின் கொதிகலனுக்கு எரிபொருளாகப் போக வேண்டியது. அதை வாங்கிக்கொண்டால் ஈடாக வேறு எரிபொருளோ நீராவியோ கொடுத்தாக வேண்டும்.

மரமோ சக்கையோ, எந்தக் கூழானாலும் கம்பி வலையில் ஊற்றும்போது நூற்றுக்கு 99 பங்கு தண்ணீர்தான். வடித்து, உருளைகளால் பிழிந்த பிறகும் ஏறக்குறைய பாதிக்கு மேல் ஈரம் மிஞ்சும். அந்த ஈரத்தைப் போக்க, நீராவியால் சுடும் உருளைகளின்மேல் ஓடவிட்டுக் காயவைக்க வேண்டும். நம் 5 கிராம் தாளிலிருந்து இப்படிச் சுமார் 6 கிராம் தண்ணீர் ஆவியாகப் போகிறது. அதற்குக் குறைந்தது 13,000 ஜூல். பிரிண்டர் கொடுக்கும் 700 ஜூலை இதோடு வைத்துப் பாருங்கள். கூழ் காய்ச்சும் செலவும் லாரி வாடகையும் இன்னும் சேரவில்லை. 500 தாள் கொண்ட ஒரு ரீமை உலர்த்த மட்டும் கிட்டத்தட்ட 2 யூனிட்டுக்கு நிகரான வெப்பம் ஆகிறது.

இதனால்தான் இருபுறமும் அச்சடிப்பதை நான் விடாமல் வற்புறுத்துகிறேன். அதில் பிரிண்டரின் கரண்ட் பாதியாகாது. தாள் வெளியே தலைகாட்டிவிட்டுத் திரும்ப உள்ளே போய் ஃப்யூசரை இரண்டாம் முறையும் கடக்கிறது. மிச்சமாவது ஆலையில் எரியும் எரிபொருள். ஸ்வீடனில் ஒரு பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். தாளைக் குறையுங்கள் என்று கேட்டுக்கொண்டதில் எந்தப் பலனும் இல்லை. யாரும் தொடாவிட்டால் இருபுறமும் அச்சாகும்படி பிரிண்டரின் அமைப்பை மாற்றியதும் தாள் செலவு 15 சதவீதம் குறைந்தது. கவனித்த ஆறு மாதமும் குறைந்தே இருந்தது.

நம் அலுவலகங்களில் அந்த அமைப்பை எடுத்துவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் தாள் சிக்குவது. ஒரு பக்கம் சுட்டதும் அந்தப் பக்கத்து ஈரம் போய் நார் சுருங்குகிறது, தாள் வளைகிறது, திரும்பும் வழியில் மாட்டிக்கொள்கிறது. காற்றின் ஈரத்தைக் குடித்த தாள் இன்னும் மோசமாக வளையும். வளைந்து வந்தால் டிரேயில் உள்ள அடுக்கைப் புரட்டி வையுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். மழைக்காலத்தில் ரீமைப் பிரித்தால் தேவையானதை மட்டும் டிரேயில் போட்டுவிட்டு, மீதியை அதே உறைக்குள் நன்றாக மடித்து மூடி அலமாரியில் வையுங்கள்.