'அடிக்ட்' என்பதற்குத் தமிழ் என்ன?

டியூட்டரி முடிந்து வரும் பொடியன்களின் பேச்சைத் திருகோணமலையில் எந்தத் தேத்தண்ணிக் கடைப் பக்கம் நின்று கேட்டாலும் இந்தச் சொல் காதில் விழும். "அவன் சிகரட்டுக்கு அடிக்ட், மச்சான்." போன் கேமுக்கும் கிரிக்கெட்டுக்கும் கொத்து ரொட்டிக்கும்கூட அதே 'அடிக்ட்'தான். வீட்டில் அம்மாவோ "கெட்ட பழக்கம் பழகிட்டான்" என்பார். சுகாதாரத் துண்டுப்பிரசுரத்தில் 'புகைத்தலுக்கு அடிமையாதல்' என்று அச்சாகியிருக்கும். மூன்றும் ஒரே பொருள் என்றுதான் புழங்குகிறோம். அப்படி இல்லை.

முதலில் பிறப்பைப் பார்ப்போம். 'அடிக்ட்', 'அடிமை' இரண்டும் 'அடி' என்று தொடங்குவதால் தமிழிலிருந்துதான் அது போனது என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். 'அடிக்ட்' லத்தீன் வழி வந்தது. 'சொல்லுதல்' என்ற வினை அதன் அடியில் இருக்கிறது. பழைய ரோமில் கடனை அடைக்க முடியாதவனைக் கடன் கொடுத்தவனின் கையில் ஒப்படைக்கிறேன் என்று நடுவர் வாயால் சொல்லிவிடுவார். அப்படி ஒப்படைக்கப்பட்டவன் 'அடிக்டஸ்'. ஆங்கிலத்துக்குள் வந்த 16 ஆம் நூற்றாண்டில் இது வசைச்சொல்லாக இருக்கவில்லை. படிப்புக்கோ இறைபக்திக்கோ தன்னை ஒப்புக்கொடுத்தவரையும் குறித்தது. போதையோடு ஒட்டிக்கொண்டது பின்னாளில்தான்.

நம்முடைய 'அடிமை', பாதத்தைக் குறிக்கும் 'அடி'யில் பிறந்தது. அடியார், அடியேன் எல்லாம் அதன் உறவுகள். கோணேசர் சந்நிதியில் "அடியேன்" என்று கும்பிடுபவர் தன்னை இழிவுபடுத்திக்கொள்வதில்லை. 7 ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் கோணமாமலையைப் பாடிய பக்தி மரபில் அடிமையாவது பெரும் பேறு. சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு ஒரு கிழவர் ஓலையோடு வந்து, "உன் பாட்டன் எழுதித் தந்தது, நீ எனக்கு அடிமை" என்று வழக்காடி வென்ற கதை நமக்குத் தெரியும். ரோமின் அடிக்டஸுக்கு அது எவ்வளவு கிட்ட நிற்கிறது! எழுத்து, வழக்கு, தீர்ப்பு, அப்புறம் ஆளே கைமாறிப் போவது. ஆகவே பொருளளவில் 'அடிமையாதல்' பிழையான மொழிபெயர்ப்பு இல்லை, நன்றாகவே பொருந்துகிறது.

அப்படியென்றால் 'பழக்கம்'? பல் துலக்குவது பழக்கம். ஒரு நாள் விட்டால் வாய் நாறும், அவ்வளவுதான், கை நடுங்காது. இந்த வேறுபாட்டில் பெரிய பெரிய ஆட்களே தடுமாறியிருக்கிறார்கள். அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 1964 ஆம் ஆண்டு அறிக்கை, சிகரட் புற்றுநோயைத் தரும் என்று துணிந்து சொல்லிவிட்டு, புகைப்பதை மட்டும் 'பழக்கம்' என்றே வகைப்படுத்தியது. அதை 'அடிமையாதல்' என்று அதே பதவியிலிருந்து ஓர் அறிக்கை எழுத 1988 வரை ஆனது. அதற்குப் பிறகும் 1994 இல் ஏழு சிகரட் கம்பெனித் தலைவர்கள் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் உட்கார்ந்து, புகையிலையில் உள்ள நிக்கொட்டின் என்ற பொருள் யாரையும் அடிமையாக்குவதில்லை என்றே தாங்கள் நம்புவதாகச் சொன்னார்கள். விற்கிறவனுக்குப் 'பழக்கம்' எவ்வளவு வசதியான சொல்! விடாதவன்மேல் பழியைப் போட்டுவிடலாம்.

நிக்கொட்டின் செய்யும் வேலை இதுதான். (போர்த்துக்கலில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ 1560 வாக்கில் தன் அரச மாளிகைக்குப் புகையிலை அனுப்பிய புண்ணியத்தில், அவர் பெயர் இதில் ஒட்டிக்கொண்டது.) இழுத்த புகையிலிருந்து அது 10 முதல் 20 விநாடிக்குள் மூளைக்குப் போய், நரம்பணுக்களில் உள்ள ஏற்பிகளில் (பூட்டில் சாவி போல அது பொருந்தும் இடங்களில்) பொருந்துகிறது. டோபமைன் என்ற மூளை இரசாயனம் சுரக்கிறது, ஒரு சின்னச் சுகம் வருகிறது. தொடர்ந்து புகைத்தால் மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் உள்ள நிக்கொட்டினோ ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். கூட்டி வைத்த ஏற்பிகள் அப்போது கேட்கத் தொடங்கும். இந்த நிலைக்கு நம் பக்கத்தில் நல்ல சொல் இருக்கிறது: விடாய். "தண்ணி விடாய்க்குது" என்கிறோமே, அதுதான். 'புகை விடாய்' என்று சொன்னால் யாருக்கும் விளங்கும். கடல் தண்ணீரைக் குடித்து விடாய் தீர்க்கிற மாதிரி, தீர்ப்பதாகத் தோன்றும் சிகரட்டே அடுத்த விடாயையும் உண்டாக்குகிறது.

இளையவர்கள் சுலபமாக மாட்டுவது ஏன்? மூளை 25 வயதளவு வரை வளர்கிறது. யோசித்து நிறுத்தச் சொல்லும் முன்பகுதி கடைசியில்தான் முதிர்கிறது. வளரும் மூளையில் நிக்கொட்டினின் பிடி இன்னும் இறுக்கம். தினமும் புகைக்கத் தொடங்குவதற்கு முன்பே சிலருக்கு விடாய் வந்துவிடும். அமெரிக்காவில் அன்றாடம் புகைக்கும் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் 18 வயதுக்குள் முதல் சிகரட்டைத் தொட்டவர்கள். இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்கு உட்பட்டவருக்குச் சிகரட் விற்கக் கூடாது. ஆனால் "ஓடிப்போய் ஒண்டு வாங்கிட்டு வா" என்று அப்பா அனுப்புகிற வீடுகளும் இருக்கின்றன.

என் எண்ணத்தில் இன்னொரு காரணமும் உண்டு. நம் பேச்சில் குடித்தவனுக்கு 'வெறி' என்று சொல்கிறோம். வெறியில் விழுந்து கிடக்கும் மாமாவைப் பார்த்து வளர்ந்த பொடியன் சாராயத்துக்குப் பயப்படுவான். சிகரட்டில் வெறி இல்லை. புகைத்தவன் தள்ளாடுவதில்லை, டச்சுக் குடாக் கடற்கரையில் நேராக நடந்து வீட்டுக்குப் போகிறான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு யார் பயப்படுவார்கள்? "ஒரு இழுவை இழுத்துப் பார், ஒண்டும் செய்யாது" என்ற கூட்டாளியின் சொல் பொய்யாகவும் படாது. அன்றைக்கு உண்மையிலேயே ஒன்றும் செய்யவில்லையே.

சிகரட் 'பத்துறது' என்றும் ஒரு வழக்கு இருக்கிறது. 'பற்றுதல்'தான் அப்படித் திரிந்தது. தீப் பற்றும், கை பற்றும், மனமும் பற்றும். அழகான சொல்தான். ஆனால் 'புகைப்பற்று' என்று எழுதினால், தமிழ்ப்பற்று, நாட்டுப்பற்று வரிசையில் நின்று மரியாதை வாங்கிவிடும். வேண்டாம். இதே நிலைக்கு மருத்துவர்கள் எழுதும் 'சார்புநிலை' மருத்துவ நூலுக்குச் சரி, வீட்டில் செல்லாது.

எனவே எழுதும்போது 'புகைக்கு அடிமையாதல்' என்பதையே வைத்துக்கொள்ளலாம். ஆளைச் சொல்லும்போது 'அடிமை' என்று முத்திரை குத்தாமல் 'அடிமையானவர்' என்பது நல்லது. ஆனது என்றால் மாறவும் இடமிருக்கிறது. விட்ட பிறகு வரும் எரிச்சல், நித்திரைக் குறைவு, அடங்காத பசி ஆகியவற்றை 'விலகல் அறிகுறிகள்' என்று மொழிபெயர்க்கிறார்கள். 'விட்ட அவதி' என்றால் பொடியனுக்குச் சட்டென்று புரியும். அந்த அவதி முதல் இரண்டு மூன்று நாள் கடுமையாக இருக்கும். பிறகு பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும்.