மா: ஓரெழுத்துச் சொல்லின் பல பொருள்

வாசலில் கட்டுவது மாவிலை. அம்மனுக்கு ஏற்றுவது மாவிளக்கு. முதல் ‘மா’ மரம், அடுத்த ‘மா’ இடித்த அரிசி. ‘பெரிய’ என்ற பொருளும் இதற்கு உண்டு: மாநிலம், மாகடல்.

எந்த மா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்த சொல்லோடு சேரும் விதத்தைக் கவனித்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். மரம் என்றால் மெல்லெழுத்து வரும்: மாங்காய், மாம்பழம், மாந்தளிர். அரிசி மா என்றால் வல்லெழுத்து மிகும்: மாக்கோலம். பெரிய என்றால் எதுவும் வராது: மாகடல். எழுத்து ஒன்றாக இருந்தாலும் நம் காது குழம்புவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தமிழ்நாட்டுப் பேச்சில் அரிசி மா ‘மாவு’ ஆகிவிட்டது. ஈழத்தில் இன்றும் ‘மா’தான், கோதுமை மா, அரிசி மா என்றே சொல்வார்கள். தஞ்சைப் பக்கம் போனால் மா என்பது நில அளவு. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஏறத்தாழ மூன்று மா ஓர் ஏக்கர். பழைய கணக்கில் இருபதில் ஒரு பங்குக்கும் மா என்றுதான் பெயர். எண்பதில் ஒரு பங்கான காணியைச் சேர்த்தால் மாகாணி, அதாவது 1/16. புறநானூற்றில் பிசிராந்தையார், ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்து நெல்கூட அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும் என்கிறார்.

தெலுங்கில் ‘மா’ என்றால் எங்களுடைய. கேட்பவரைச் சேர்க்காத ‘எங்கள்’. சமஸ்கிருதத்தில் ‘மா’, செய்யாதே என்று தடுக்கும் சொல்.

சரி, தமிழில் மங்கிப்போன பொருள் ஒன்று இருக்கிறது: விலங்கு. “மாவும் மாக்களும் ஐயறி வினவே” என்கிறது தொல்காப்பியம். போர்க்களத்தில் கைவிட்டு ஓடும் பழகாத குதிரையை வள்ளுவர் ‘கல்லா மா’ என்கிறார் (குறள் 814). இந்தப் பொருள் மறந்துபோனதால்தான், “மயிர்நீப்பின் வாழாக் கவரிமா” (969) மேடைகளில் ‘கவரிமான்’ ஆகிவிட்டது. குறளில் ‘ன்’ கிடையாது. அடுத்த அடியில் ‘மானம்’ வருவதும் இந்த மயக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். கவரி என்பது சாமரம் செய்ய உதவும் மயிர். அதை உடைய இமயமலை விலங்கு, மாட்டினம். அந்தக் குளிரில் அடர்ந்த மயிர்தான் அதற்குப் போர்வை என்று அறிந்தபின் படித்தால் குறள் இன்னும் தெளிவாகும்.

இன்று நாம் ‘யாக்’ என்றும் ‘யாக் எருமை’ என்றும் எழுதுகிறோம். அதற்குக் கவரிமா என்றே எழுதலாம்.