ஏசி அறையில் நாம் சுவாசிக்கும் காற்று

வெயில் கடுமையாகும் மாதங்களில் நுரையீரல் மருத்துவரிடம் வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "ஏசியில் படுத்தால் வீசிங் வருமா, டாக்டர்?" என்பது. இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல இயலாது என்பதால், நான் சில கேள்விகளைத் திருப்பிக் கேட்பது வழக்கம். ஃபில்டரைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள், படுத்திருக்கும்போது காற்று உடலின் எந்தப் பகுதியில் விழுகிறது, ரிமோட்டில் எத்தனை டிகிரி வைக்கிறீர்கள், அந்த அறையின் ஜன்னல் ஒரு நாளில் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பவை அவை. முதல் மூன்றுக்கும் உடனே பதில் வந்துவிடும். ஜன்னலைப் பற்றிக் கேட்டால் மட்டும் பலரும் யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

வெளிச்சுவரில் மாட்டியிருக்கும் யூனிட் வெளிக்காற்றை இழுத்துக் குளிரவைத்து அறைக்குள் அனுப்புகிறது என்ற எண்ணம், நன்கு படித்தவர்களிடமும் இருக்கிறது. வீடுகளில் உள்ள ஸ்பிளிட் ஏசிகள் பொதுவாக அவ்வாறு இயங்குவதில்லை. உள்ளேயும் வெளியேயும் இருக்கும் இரு பகுதிகளை இணைக்கும் செம்புக் குழாய்களில் குளிரூட்டும் வாயு மட்டுமே சுற்றி வருகிறது. அது அறையின் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. காற்று இடம் மாறுவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றுதான் திரும்பத் திரும்ப உள்ளிழுக்கப்பட்டு, குளிர்ந்து, மீண்டும் நம்மிடமே வருகிறது. விண்டோ ஏசிகள் சிலவற்றில் வெளிக்காற்றுக்கான சிறு திறப்பு இருந்தாலும், அதன் வழியே வரும் காற்று மிகக் குறைவு.

குளிர் வெளியேறிவிடக் கூடாது என்று கதவையும் ஜன்னலையும் இறுக மூடி, கதவின் அடி இடுக்கையும் அடைத்துவிட்டு இருவர் உறங்கும் அறையில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு இருக்கிறது. அப்படி மூடிய படுக்கையறையில் விடிவதற்குள் அது 2,000 பங்கைத் தாண்டுவது சாதாரணம். இந்த அளவு உயிருக்கு ஆபத்தானது அல்ல என்றாலும், காலையில் தலைபாரம், தூங்கியும் தூங்காதது போன்ற அயர்ச்சி, வாய் உலர்தல் என்று பலர் சொல்லும் தொல்லைகளுக்குக் காற்றோட்டமின்மை ஒரு முக்கியக் காரணம். கரியமில வாயு சேர்ந்திருக்கிறது என்றால், மற்றவையும் சேர்ந்திருக்கின்றன என்று பொருள்: ஒருவர் இருமலில் வெளிவிட்ட வைரஸ், மெத்தையின் தூசி, புதிய மர அலமாரியின் பூச்சிலிருந்து கசியும் ஆவி. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில் ஜன்னல் இல்லாத ஓர் உணவகத் தளத்தில், அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்திருந்த மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 10 பேருக்குக் கொரோனா தொற்று ஏற்பட்டது. ஏசியின் காற்று அந்த மேசைகளுக்கு இடையே சுழன்றுகொண்டிருந்ததும், வெளிக்காற்று ஏறக்குறைய வராததும் பின்னர் விளக்கப்பட்டன. வீட்டில் ஒருவருக்குச் சளி பிடித்தால் எல்லோருக்கும் வந்துவிடுகிறது, ஏசிதான் காரணம் என்று சொல்பவர்கள், பாதி சரியாகத்தான் சொல்கிறார்கள். குளிர் சளியை உண்டாக்குவதில்லை, வைரஸ்தான் உண்டாக்குகிறது. அந்த வைரஸ் வெளியேற வழியில்லாமல் செய்வது மூடிய அறை.

இதைவிட என்னைக் கவலைக்குள்ளாக்குவது, அத்தகைய அறைக்குள் கொசுவர்த்திச் சுருள் ஏற்றும் பழக்கம். ஒரு சுருள் முழுவதும் எரியும்போது வெளிவரும் நுண்துகள்களின் அளவு, 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஏசியின் ஃபில்டர் இதை வடிகட்டிவிடும் என்று நம்ப வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக் வலை பஞ்சு, முடி, பெருந்தூசி ஆகியவற்றைத் தடுத்து, ஏசிக்குள் காற்றைக் குளிரவைக்கும் உலோகச் சுருளைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. புகைத் துகள்கள் அதன் கண்களுக்குள் எளிதாகப் புகுந்து வந்துவிடும். ஏசி அறைக்குக் கொசுவலையே போதுமானது, பாதுகாப்பானதும்கூட.

காற்றோட்டத்துக்குச் செய்ய வேண்டியது எளியது. படுக்கும் முன்பும் எழுந்த பின்பும் கதவையும் ஜன்னலையும் பத்துப் பதினைந்து நிமிடங்கள் எதிரெதிராகத் திறந்து வைக்க வேண்டும். குளியலறை இணைந்த அறையாக இருந்தால், அங்குள்ள எக்ஸாஸ்ட் ஃபேனை அவ்வப்போது ஓடவிடலாம். இரவில் ஜன்னலை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்தால் மின்கட்டணம் சற்றுக் கூடும் என்பது உண்மைதான். அந்தச் செலவை நான் வீண் என்று கருதுவதில்லை. வெளியே சாலைப் புகை அதிகமுள்ள வீடுகளில் மட்டும், வாகனங்கள் குறையும் நேரம் பார்த்துத் திறப்பது நல்லது.

அடுத்தது ஈரம். ஏசி இயங்கும்போது, காற்றில் உள்ள நீராவி உள் யூனிட்டின் குளிர்ந்த சுருளில் படிந்து, கீழேயுள்ள தட்டில் சொட்டி, குழாய் வழியே வெளியேறுகிறது. இருட்டு, ஈரம், தூசி மூன்றும் ஒரே இடத்தில் அமைவதால், கவனிக்காமல் விட்டால் அங்கே பூஞ்சை வளர்வது உறுதி. ஏசியைப் போட்டதும் முதல் சில நிமிடங்கள் ஈரத்துணியின் மக்கிய வாடை வருகிறதென்றால், பலரும் நினைப்பதுபோல் கேஸ் கசிவதால் அல்ல. சுருளிலும் ப்ளோயர் உருளையிலும் பூஞ்சையோ பாக்டீரியாவோ படிந்திருப்பதால்தான். ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டும் என்று எவரேனும் சொன்னால் அதையும் ஐயத்துடன் கேளுங்கள். அது மூடிய சுற்று என்பதால், கசிவு இல்லாமல் வாயு குறைவதில்லை.

தினமும் ஏசி ஓடும் வீட்டில் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி, நிழலில் முழுவதும் உலர்த்திப் பொருத்த வேண்டும். ஆஸ்துமா நோயாளி இந்த வேலையைச் செய்யாமல் இருப்பது நல்லது; வேறு வழியில்லை என்றால் முகக்கவசம் அணிய வேண்டும். வலையைக் கழுவுவதோடு சர்வீஸ் முடிந்துவிட்டதாக நினைப்பதால்தான் உட்பகுதி கறுத்துப்போகிறது. சுருளையும் ப்ளோயரையும் தண்ணீர்த் தட்டையும் மெக்கானிக்கைக் கொண்டு நீர் பீய்ச்சிக் கழுவச் செய்வது ஆண்டுக்கு ஒருமுறையாவது, அதிகப் பயன்பாடு இருந்தால் இருமுறை, தேவை. அணைக்கும் முன் பதினைந்து நிமிடங்கள் ஃபேன் மோடில் ஓடவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் உலர்ந்துவிடும்.

ஏசி என்றதும் சிலர் லீஜியோனேயர்ஸ் நோயைக் குறிப்பிட்டு அஞ்சுவதுண்டு. 1976-இல் பிலடெல்பியாவில் ஒரு விடுதியில் நடந்த மாநாட்டில் கலந்துகொண்டவர்களிடையே பரவிய அந்த நிமோனியாவின் கிருமி, பெரிய கட்டடங்களின் குளிர்விப்புக் கோபுரங்கள், வெந்நீர்க் குழாய்கள் போன்ற, நீர்த்திவலைகளைப் பரப்பும் அமைப்புகளில் வளர்வது. வீட்டு ஸ்பிளிட் ஏசியில் அத்தகைய கோபுரம் இல்லை.

இனி குளிரின் பங்கு. 20 டிகிரியில், 50 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 9 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று நுரையீரலின் ஆழத்தை அடையும்போது 37 டிகிரி வெப்பமும் 44 கிராம் நீராவியும் கொண்டதாக மாறியிருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை மூக்கும் தொண்டையும் மூச்சுக்குழாயும் தங்கள் ஈரத்திலிருந்து ஈடுசெய்கின்றன. மூச்சை வெளிவிடும்போது ஒரு பகுதியே திரும்பக் கிடைக்கிறது. இரவு முழுவதும் இது தொடர்ந்தால் மூக்கின் சளிப்படலம் உலர்ந்து, தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்ணிழைகள் மந்தமாகின்றன. மூக்கடைப்போ குறட்டையோ உள்ளவர்கள் வாயால் மூச்சு விடுவதால், தொண்டை வறட்சியுடன் எழுகிறார்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு, கொளுத்தும் வெயிலிலிருந்து 18 டிகிரி அறைக்குள் நுழைந்ததும் மூச்சுக்குழாய் சுருங்கி இருமல் தொடங்கக்கூடும். அவர்கள் 25, 26 டிகிரியில் வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிடுவது பொருத்தமானது. காற்றின் திசையைக் கூரையை நோக்கி வைத்தால், கண் உலர்வும் கழுத்துப் பிடிப்பும் பெருமளவு குறையும். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்களுக்கு இது மிகவும் அவசியம். பின்னிரவில் நம் உடல்வெப்பம் இயல்பாகவே குறைந்துவிடுவதால், டைமரையோ ஸ்லீப் மோடையோ பயன்படுத்தலாம். கைக்குழந்தைகளும் முதியவர்களும் குளிர்வதை எடுத்துச் சொல்ல மாட்டார்கள் என்பதால், அவர்கள் படுக்கையில் காற்று நேராக விழக் கூடாது. ஏசிக் காற்று பட்டு முகவாதம் வந்துவிட்டது என்ற பேச்சுக்குத் தெளிவான ஆதாரம் இல்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு யாரும் ஏசியைக் கழற்ற வேண்டியதில்லை. 1995 ஜூலையில் சிகாகோவைத் தாக்கிய வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வீட்டில் இயங்கும் ஏசி வைத்திருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் மிகக் குறைவாக இருந்தது. இதய நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் கடும் வெப்பத்தில் அது மருந்துக்கு நிகரானது. தூசி உண்ணிகளால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் நன்மை உண்டு. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்த உண்ணிகள் செழிப்பதில்லை. சுத்தமான ஏசியால் நோயாளிக்கு நிம்மதியான உறக்கம் கிடைப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஆனால் ஒரு நிலையை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. ஏசி அறையில் இருந்த சில மணி நேரத்தில் இருமல், காய்ச்சல், உடல்வலி, மூச்சுத்திணறல் தோன்றி, வெளியூரில் சில நாட்கள் தங்கினால் குறைந்து, வீடு திரும்பியதும் மறுபடி வந்தால், அது சாதாரணச் சளியாக இல்லாமல், பூஞ்சைத் துகள்களுக்கு நுரையீரல் காட்டும் மிகையுணர்வு அழற்சியாக இருக்கலாம். அரிதான நோய்தான், கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரலில் நிலையான தழும்பை விட்டுவிடும். எந்த அறையில், எந்த நேரத்தில் தொல்லை தொடங்குகிறது, வீட்டை விட்டு விலகியிருந்த நாட்களில் எப்படி இருந்தது என்பதை ஒரு வாரம் குறித்து வைத்து, அந்தக் குறிப்புடன் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். பரிசோதனை முடியும்வரை அந்த ஏசியை இயக்க வேண்டாம்.