கம்பளியின் நிறம் மாறினால் படுக்கைக்கு எப்படித் தெரிகிறது?

"மைன்கிராஃப்ட் விக்கியில் படுக்கை செய்யும் முறையைப் பார்த்தேன். கட்டங்களில் இருக்கும் கம்பளி நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது. அதே நேரத்தில் வலப்பக்கம் படுக்கையும் அந்த நிறத்துக்கு மாறிவிடுகிறது. அது ஜிஃப் படமா?" என்று ஒன்பதாம் வகுப்பு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஜிஃப் இல்லை. மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டின் ரசிகர்கள் தங்கள் விக்கிக்காகத் தாங்களே எழுதிக்கொண்ட ஒரு சின்ன வசதி அது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி மென்பொருளில்தான் இந்த விக்கியும் ஓடுகிறது. அதில் வார்ப்புரு என்று ஒன்று உண்டு. ஒரு முறை எழுதி வைத்தால் ஆயிரம் பக்கங்களில் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் வார்ப்புருவுக்குள் கணக்குப் போடுவதும் நிபந்தனை வைப்பதும் பெரிய தொல்லை. அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி என்று கண்ணைக் கட்டும். 2013 மார்ச்சில் விக்கிப்பீடியாவுக்குள் லுவா என்ற நிரல்மொழி வந்தபிறகுதான் மூச்சு விட முடிந்தது. ரசிகர் விக்கிகளும் அதைப் பிடித்துக்கொண்டன.

லுவா பிறந்த கதையை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. 1993இல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் உருவாக்கியது. அப்போது அந்த ஆய்வகம் பிரேசிலின் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸுக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தது. எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளர்களுக்காகச் செய்த மொழி இன்று விளையாட்டு விக்கியில் கம்பளிப் பட்டியலைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. ஆய்வுக்குப் பணம் கேட்டால் "இதனால் என்ன பயன், ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு" என்பவர்களிடம் எனக்குச் சண்டை இருப்பது இதனால்தான். அந்த ஒரு பக்கத்தில் இதை யார் எழுதியிருக்க முடியும்?

சரி, படுக்கைக்கு வருவோம். விளையாட்டில் படுக்கை செய்யக் கட்டங்களில் மூன்று கம்பளி, அதற்குக் கீழே மூன்று பலகை வைக்க வேண்டும். 2017 வரை எந்த நிறக் கம்பளி போட்டாலும் சிவப்புப் படுக்கைதான் வந்தது. அந்த ஆண்டு வந்த 1.12 பதிப்பில் 16 நிறப் படுக்கைகள் சேர்ந்தன. 16 செய்முறைகளையும் வரிசையாக அடுக்கினால் பக்கம் நீண்டுகொண்டே போகும். அதனால் பக்கத்தை எழுதுபவர் ஒரு கட்டத்துக்குள் பொருள்களை அரைப்புள்ளி போட்டு எழுதுகிறார்: வெள்ளைக் கம்பளி, ஆரஞ்சுக் கம்பளி, இப்படியே 16. விடைக் கட்டத்திலும் அதே வரிசையில் வெள்ளைப் படுக்கை, ஆரஞ்சுப் படுக்கை.

லுவா நிரல் அந்த வரியை அரைப்புள்ளி வரும் இடங்களில் வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு படத்தைப் போடுகிறது. 16 படங்களும் பக்கத்தில் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிடும். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் 'இப்போது நீ' என்ற அடையாளம் இருக்கும். அடையாளம் இல்லாத மற்றதையெல்லாம், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் மறைத்து வைக்கும். அப்புறம், உலாவிக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் வேலை ஒன்றே ஒன்று. இரண்டு நொடிக்கு ஒரு முறை எல்லாக் கட்டங்களிலும் அந்த அடையாளத்தை அடுத்த படத்துக்கு நகர்த்த வேண்டும். கடைசிக்கு வந்தால் முதலுக்குத் திரும்ப வேண்டும்.

இதில் என்னை மயக்குவது, கம்பளிக் கட்டத்துக்கும் படுக்கைக் கட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது என்பதுதான். பி.டி. வாத்தியார் விசில் ஊதினால் எல்லா வரிசையும் ஒரு அடி எடுத்து வைப்பதுபோல, பக்கம் முழுவதற்கும் ஒரே கடிகாரம். ஒரே நேரத்தில் தொடக்கம், ஒரே நீளம், ஒரே வரிசை. இவ்வளவு இருந்தால் பொருத்தம் தானாக அமைந்துவிடுகிறது.

நீளம் மாறினால்? பலகைக் கட்டமும் இப்படித்தான் மாறிக்கொண்டிருக்கும். 2024 கடைசியில் விளையாட்டில் வெளிர் ஓக் மரம் சேர்ந்தபிறகு பலகை வகைகள் 12. 16க்கும் 12க்கும் மீ.பொ.ம. 48. அதாவது 96 நொடியில் கம்பளியும் பலகையும் மறுபடி தொடக்க நிலைக்கு வந்து நிற்கும். 11 வகையாக இருந்தபோது மீ.பொ.ம. 176, கிட்டத்தட்ட ஆறு நிமிடம். ஒரு மரம் கூடியதால் சுற்று சுருங்கிப் போயிற்று! உண்மையான நிரலில் இன்னும் சில முடிச்சுகள் உண்டு, எலும்புக்கூடு இதுதான்.

பலகை எதுவாக இருந்தாலும் செய்முறை சரிதான், அதனால் அங்கே நீளம் வேறுபடுவது பிரச்சினை இல்லை. படுக்கைப் பட்டியலில் ஒரு நிறம் விட்டுப்போனால்தான் வேடிக்கை. விட்ட இடம் வரை எல்லாம் சரி. அதற்கப்புறம் ஒன்று தள்ளிப்போகும், அடுத்த சுற்றில் இரண்டு, அதற்கடுத்து மூன்று. 16உம் 15உம் மறுபடி சேர எட்டு நிமிடம் ஆகும். அதுவரை பச்சைக் கம்பளியைப் போட்டு ஏதோ ஒரு நிறப் படுக்கையை எடுத்துக்கொண்டிருப்போம். இதைத் தவிர்க்க, அடிக்கடி வரும் பட்டியல்களுக்கு ஒரே ஒரு பெயர் வைத்துத் தனிப் பக்கத்தில் சேமித்துவிடுகிறார்கள். 'ஏதேனும் ஒரு பலகை' என்று எழுதினால் போதும், நிரல் அதை விரித்துக்கொள்ளும். புது மரம் வந்தால் ஓரிடத்தில் திருத்தினால் எல்லாச் செய்முறைகளிலும் ஏறிவிடும்.

வீட்டில் பார்க்க வேண்டுமென்றால், கணினியில் அந்தக் கட்டத்தின் மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுங்கள். மறைந்திருக்கும் படங்கள் வரிசையாகத் தெரியும். அடையாளம் ஒவ்வொன்றாகத் தாவுவதையும் பார்க்கலாம். ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டால் முதல் படம் மட்டும் நிற்கும்: வெள்ளைக் கம்பளி, வெள்ளைப் படுக்கை. அப்போதும் செய்முறை தப்பில்லை.