விஷம் போகும், மணம் தங்கும்: கசப்பு பாதாமும் கிறிஸ்துமஸ் குக்கீயும்

டிசம்பர் பிறந்துவிட்டால் மேலைநாட்டுப் புத்தகக் கடைகளில் ஒரு தனி வகைத் துப்பறியும் நாவல்கள் முன்வரிசைக்கு வந்துவிடும். ‘கோஸி மிஸ்டரி’ என்று பெயர். ரத்தம் தெறிக்காது. ஒரு சின்ன ஊர், பனி, பேக்கரி நடத்தும் ஒரு பெண், பண்டிகை விருந்தில் எதிர்பாராத ஒரு சாவு. கொலையாளியைக் கண்டுபிடிப்பதும் அந்தப் பேக்கரிக்காரப் பெண்தான். கதையில் வரும் பலகாரங்களின் செய்முறையைக் கடைசிப் பக்கங்களில் அச்சிட்டிருப்பார்கள். கதையைப் படித்தபடியே அதைச் சுட்டுப் பார்ப்பது பலருக்குப் பண்டிகையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

பலெர்மோவில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “கதையின் நாயகி ஒரு குக்கீத் துணுக்கை முகர்ந்து பார்க்கிறாள். கசப்பு பாதாம் வாசனை, அதனால் சயனைடு என்று முடிவு கட்டுகிறாள். அதே புத்தகத்தின் பின்பக்கச் செய்முறைப்படி நான் சுட்ட ரிச்சாரெல்லியிலும் அச்சு அசலாக அதே வாசனை. முப்பது குக்கீக்குக் கசப்பு பாதாம் பத்து போட்டிருந்தேன். பிள்ளைகளுக்கு நான் என்ன கொடுத்திருக்கிறேன்?”

மிக நல்ல கேள்வி. குக்கீயிலிருந்தே தொடங்குகிறேன்.

ரிச்சாரெல்லி, இத்தாலியின் டஸ்கனி வட்டாரத்தில் உள்ள சியெனா நகரத்துக் கிறிஸ்துமஸ் பண்டம். 2010-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்றது. பாதாம் பொடி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு, மணத்துக்குச் சிறிதளவு கசப்பு பாதாம் அல்லது அதன் எசன்ஸ் ஆகியவைதான் சேர்மானம். பிசைந்து ஓர் இரவு அப்படியே வைத்துவிட்டு, மறுநாள் நீள்வட்டமாகத் தட்டி, பொடித்த சர்க்கரையில் புரட்டி, 150 டிகிரி செல்சியஸ் அளவில் நிறம் சிவக்காமல் சுடுவார்கள். வடக்கே சரோன்னோ ஊரின் மொறுமொறுப்பான அமரெத்தியும் இதே குடும்பம்தான். அங்கே கசப்பு பாதாமின் இடத்தில் ஆப்ரிகாட் கொட்டைக்குள் இருக்கும் பருப்பைச் சேர்ப்பார்கள்.

நாம் இரவில் ஊறவைத்துக் காலையில் தோலுரித்துத் தின்னும் பாதாமை எவ்வளவு முகர்ந்தாலும் எசன்ஸ் பாட்டிலின் வாசனை வராது. அந்த வாசனை இனிப்பு பாதாமுக்கு உரியதே அல்ல. காட்டு பாதாம் எல்லாம் கசப்பு. அதன் பருப்பில் எடைக்குச் சுமார் நான்கு சதவீதம் அமிக்டலின் என்ற பொருள் இருக்கும். எப்போதோ ஒரு மரத்தில் ஒரு மரபணு பிழைபட்டு, அமிக்டலின் தயாரிப்பை முடுக்கிவிடும் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிப்போனது. அந்த மரத்தின் வழிவந்ததுதான் நாம் தின்னும் இனிப்பு பாதாம் என்று 2019-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. இன்னொரு விந்தையும் உண்டு: பருப்பு கசப்பதும் இனிப்பதும் தாய் மரத்தைப் பொறுத்தது. ஒரு மரத்தில் காய்த்த பருப்பு எல்லாம் ஒன்றுபோல் கசக்கும், அல்லது ஒன்றுபோல் இனிக்கும்.

அமிக்டலினை 1830-இல் ரொபிக்கே, பூத்ரோன் என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அந்த வெள்ளைப் படிகத்துக்கு வாசனையும் இல்லை, அந்த நிலையில் அதில் சயனைடு வாயுவும் இல்லை. 1837-இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் லீபிக்கும் வோலரும் அதைத் தண்ணீரில் கரைத்து, பாதாமிலிருந்தே எடுத்த ‘எமல்சின்’ என்ற சாறைச் சேர்த்தார்கள். கரைசலில் குப்பென்று கசப்பு பாதாம் மணம் எழுந்தது. கூடவே சயனைடும் பிறந்தது.

எனக்கு மிகவும் பிடித்த வேதிவினைகளில் இது ஒன்று. ஆகவே இங்கே சற்று நிற்கப் போகிறேன்.

பருப்பு முழுதாக இருக்கும்வரை அமிக்டலின் ஒரு பக்கம், எமல்சின் நொதிகள் வேறு பக்கம். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் தட்டில் தனித்தனியாக இருக்கும்வரை சிவப்பு எங்கும் இல்லை, மென்ற பிறகுதானே வாய் சிவக்கிறது? அதே கதைதான். ஒரு புழுவோ எலியோ பருப்பைக் கடித்தால் அறைகள் உடைந்து இரண்டும் கலக்கும். கடித்த பிராணியின் வாயிலேயே விஷம் பிறக்கும். விஷத்தை விஷமாகவே சேமித்து வைத்திருந்தால் மரம் தன்னையே கொன்றுகொள்ளும். அதனால்தான் பாதியை இங்கும் பாதியை அங்கும் வைத்திருக்கிறது.

எமல்சின் என்பது ஒற்றை நொதி அல்ல, ஒரு கூட்டம். அமிக்டலினின் வால்பகுதியில் இரண்டு குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்திருக்கும். முதல் நொதி ஒரு குளுக்கோஸை வெட்டுகிறது, அடுத்தது இரண்டாவதை வெட்டுகிறது. மிஞ்சுவது மாண்டலோநைட்ரைல் என்ற நிலையற்ற பொருள். மூன்றாவது நொதி அதை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு துண்டு பென்சால்டிஹைடு, மற்றொன்று ஹைட்ரஜன் சயனைடு. மூலக்கூறுக்கு மூலக்கூறு சரிசமமாகப் பிறக்கும். கடைசிப் பிளவுக்கு நொதி கட்டாயம்கூட இல்லை. சூழல் அமிலமாக இல்லாமல் நடுநிலையிலோ காரத்தன்மையோடோ இருந்தால் மாண்டலோநைட்ரைல் தானாகவே உடையும். முட்டை வெள்ளைக்கருவோ, சமையலறையில் இயற்கையாகவே காரத்தன்மை கொண்ட மிகச் சில பொருட்களில் ஒன்று! சியெனாவின் பழைய சமையல்காரர்களுக்கு இந்த வேதியியல் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அரைத்தல், வெள்ளைக்கருவின் ஈரம், இரவு முழுக்க ஊறல் என்று அவர்கள் கைக்கொண்ட ஒவ்வொரு படியும் இந்த வினை நடந்தேற உதவுகிறது.

மணம் தருவது பென்சால்டிஹைடு. கொல்வது ஹைட்ரஜன் சயனைடு. ஒன்றாகப் பிறந்த இரண்டும் அடுப்பில் பிரிகின்றன. ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை 26 டிகிரி செல்சியஸ், அதாவது சென்னையின் மார்கழிப் பகலுக்கே கொதித்துவிடும். பென்சால்டிஹைடுக்கு 179 டிகிரி வேண்டும். சயனைடு தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால் 26 டிகிரியிலேயே முழுவதும் ஓடிவிடாது. மாவு சூடேறி நீராவி கிளம்பும்போது அதோடு சேர்ந்து வெளியேறும். குக்கீயின் உள்ளே ஈரம் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். பென்சால்டிஹைடிலும் ஒரு பங்கு நீராவியோடு போகும். சுடும்போது வீடு முழுக்க மணப்பது அதனால்தான். பெரும்பங்கு பாதாம் எண்ணெயில் கரைந்து உள்ளேயே தங்கிவிடுகிறது.

ரிச்சாரெல்லியின் மேற்பரப்பில் வெள்ளை வெளேரென்ற சர்க்கரைப் போர்வையைக் கிழித்துக்கொண்டு ஓடும் வெடிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். மேலே தூவிய சர்க்கரை ஈரத்தை இழுத்து முதலில் ஒரு காய்ந்த தோலாகிவிடுகிறது. உள்ளே ஆவியும் காற்றும் விரியும்போது தோல் பிளக்கிறது. சயனைடு வெளியேறும் வழிகளில் அந்த வெடிப்புகளும் உண்டு.

இப்போது வாசகியின் பத்துப் பருப்புக்குக் கணக்குப் போடலாம். ஒரு கிராம் அமிக்டலின் முழுவதும் உடைந்தால் 59 மில்லிகிராம் சயனைடு வரும். ஒரு கசப்பு பாதாம் சுமார் ஒரு கிராம் எடை, அதில் 40 மில்லிகிராம் அமிக்டலின் என்றால், பருப்புக்கு 2.4 மில்லிகிராம். பத்துக்கு 24. முப்பது குக்கீக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 0.8 மில்லிகிராம், அதுவும் துளிகூட ஆவியாகாவிட்டால்! ஒரே வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.02 மில்லிகிராம்வரை பாதகமில்லை என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம். 60 கிலோ ஆளுக்கு 1.2 மில்லிகிராம், 15 கிலோ குழந்தைக்கு 0.3. சுட்ட பிறகு மிஞ்சுவது முதலில் இருந்ததைவிட மிகக் குறைவு. ஆகவே நேற்று தின்றதை நினைத்துக் கலங்க வேண்டாம். இருந்தாலும் குழந்தைகள் உள்ள வீட்டில் அடுத்த முறை எசன்ஸே போதும் என்பது என் கருத்து. கசப்பு பாதாம் எண்ணெயைச் சுண்ணாம்பு, இரும்பு உப்புகளோடு கலந்து, சயனைடை இரும்போடு பிணைத்து நீக்கிய பிறகே உணவுக்கு விற்பார்கள்.

இந்த இடத்தில் துப்பறியும் கதைகளின் தர்க்கம் தலைகீழாகிறது. யாராவது கசப்பு பாதாமை உடைக்காமல் முழுசாகக் கொதிக்கும் நீரிலோ வாணலியிலோ நன்றாகச் சூடாக்கிவிட்டு, பிறகு அரைத்து மாவில் சேர்க்கிறார் என்று வையுங்கள். நொதிகள் புரதங்கள், வெப்பத்தில் செத்துவிடும். அமிக்டலினோ அந்தச் சூட்டைத் தாங்கும். வினை நடக்காது, மணமும் எழாது. அமிக்டலின் அப்படியே குக்கீக்குள் உட்கார்ந்திருக்கும். அதைத் தின்றால், நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களிடம் குளுக்கோஸை வெட்டும் நொதிகள் இருக்கின்றன. விட்ட வேலையை அவை முடித்துவைக்கும். விஷத்தை விரட்ட வேண்டுமானால் முதலில் அதைப் பிறக்கவிட வேண்டும்! கம்மென்று மணக்கும் குக்கீயில் வினை நடந்திருக்கிறது. மணமே இல்லாமல் நாக்கில் கசக்கும் குக்கீயைத்தான் நாயகி கீழே வைத்திருக்க வேண்டும்.

முகர்ந்து தீர்ப்புச் சொல்வதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. சயனைடின் வாசனை எல்லோருடைய மூக்குக்கும் எட்டாது. 1953-இல் கிர்க், ஸ்டென்ஹவுஸ் இருவரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சோதனையில் ஆண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரால் அதை உணர முடியவில்லை. பெண்களில் அப்படிப்பட்டவர்கள் அதைவிடக் குறைவு. நம்பகமான சோதனைக்குப் பிக்ரேட் தாள் இருக்கிறது. மஞ்சள் தாள், சயனைடு வாயு பட்டால் செம்பழுப்பாகும்.

டிசம்பர், இனிப்பு, சயனைடு என்றதும், ரஷ்ய ஜார் குடும்பத்திடம் செல்வாக்குப் பெற்றிருந்த சாமியார் ரஸ்புதின் நினைவுக்கு வருவார். 1916 டிசம்பரில் பெட்ரோகிராட் மாளிகையில் அவருக்குச் சயனைடு கலந்த கேக் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை என்று, அவரைக் கொன்றவர்களில் ஒருவரான இளவரசர் யூசுப்போவ் நினைவுக்குறிப்பில் எழுதினார். சர்க்கரைதான் விஷத்தை முறித்தது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. குளுக்கோஸ் சயனைடோடு இணையும் என்பது உண்மை. ஆனால் கேக்கில் போடும் சர்க்கரை சுக்ரோஸ். அதில் இணைவதற்கான முனை மூடியிருக்கிறது. அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை.

இதைவிட என்னை வருத்துவது வேறொரு கதை. ஆப்ரிகாட் பருப்பில் ‘வைட்டமின் பி17’ இருக்கிறது, அது புற்றுநோயைத் தீர்க்கும், மருந்து நிறுவனங்கள் மறைக்கின்றன என்றொரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் தமிழிலும் சுற்றுகிறது. பி17 என்று ஒரு வைட்டமின் கிடையாது. அது அமிக்டலினும் அதை ஒட்டிச் செய்த லேட்ரைல் என்ற பொருளும்தான். அமெரிக்காவில் 178 நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 1982-இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டி கரையவில்லை. சிலரின் ரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியது. சிறிய ஆப்ரிகாட் பருப்பில் மூன்றுக்கு மேல் பச்சையாகத் தின்றாலே பெரியவர்களுக்குரிய எல்லையைத் தாண்டக்கூடும். பிடித்த ஒருவரை நோயிலிருந்து காப்பாற்றத் துடிக்கும் குடும்பத்தின் கையில் இதைத் திணிப்பது கொடுமை. சயனைடு நஞ்சுக்கு மருத்துவமனையில் தரும் மாற்று மருந்துகளில் ஒன்று ஹைட்ராக்சோகோபாலமின். அது சயனைடைப் பிடித்துக்கொண்டு சயனோகோபாலமினாக, அதாவது மாத்திரைகளில் நாம் வாங்கும் பி12 ஆக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. உண்மையான வைட்டமின் ஒன்று இப்படி உயிர் காக்கிறது. அதைப் பற்றி யாரும் ஃபார்வர்டு அனுப்புவதில்லை.

நம் மரவள்ளிக் கிழங்கிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. அமிக்டலினுக்குப் பதில் லினமரின், பென்சால்டிஹைடுக்குப் பதில் அசிட்டோன், எனவே எச்சரிக்க மணம் கிடையாது. கிழங்கைச் சிறிதாக நறுக்கி ஊறவைத்து, வேகவைத்த நீரைக் கொட்டிவிடும் நம் வீட்டுப் பழக்கம் இந்த வேதியியலோடு சரியாகப் பொருந்துகிறது. காங்கோ, மொசாம்பிக் நாடுகளில் வறட்சிக் காலத்தில் கசப்பு மரவள்ளியை அவசரமாகப் பதப்படுத்தித் தின்னும் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் கால்கள் நிரந்தரமாகச் செயலிழந்துபோகும் கோன்சோ என்ற நோய் வருகிறது. ஆஸ்திரேலியாவின் ஹோவர்ட் பிராட்பரி அதற்கு ஒரு வழி சொன்னார்: மரவள்ளி மாவில் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, மெல்லிய படலமாகப் பாயில் பரப்பி, நிழலில் ஐந்து மணி நேரம் அல்லது வெயிலில் இரண்டு மணி நேரம் விட வேண்டும். நொதி விழித்துக்கொள்ளும், சயனைடு பிறக்கும், காற்றில் போய்விடும். ஒரு பாயும் ஒரு செம்புத் தண்ணீரும் போதும். இதில் காப்புரிமை எடுத்து விற்க எதுவும் இல்லை என்பதால் இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பணம் போட ஆள் கிடைப்பது அரிது. திருவனந்தபுரத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் போன்ற அரசு நிறுவனங்கள்தான் இதற்கு இருக்கின்றன. சேலம் வட்டார ஜவ்வரிசி ஆலைகள் இதே கிழங்கை அரைத்துப் பிழைக்கும் ஒரு நாட்டில், சயனைடு குறைந்த ரகங்களுக்கும் கிராமத்துக்குக் கிராமம் பிக்ரேட் தாள் கொண்டுபோய்ச் சோதிப்பதற்கும் நிதி ஒதுக்கக் கேட்பது மிகையான கோரிக்கை அல்ல. அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கென்று தனியாக ஒரு நிதி ஒதுக்கீடு இருக்க வேண்டும்.